ஜக்கார்டு துணியை வரைபடமாக்கிப் பார்த்தல்: சில புகார்கள்

கடந்த சில மாதங்களாக ஜக்கார்டு டிசைன் கோப்புகளைப் பைத்தானில் திறந்து, எண்ணி, வரைபடமாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இணையத்தில் இதே வேலையைச் செய்பவர்கள் நிறையப் பேர். ஜவுளிக் கல்லூரி மாணவர்கள், டிஜிட்டல் தறியில் வேலை செய்யும் கலைஞர்கள், தரவு ஆட்கள் என எல்லோரும் அழகான படங்கள் போடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக நெசவின் கட்டமைப்பு ஒளிர்கிறது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் படங்களைப் பார்த்து ஒரு துணி நன்றாக நெய்யப்படுமா, பிடித்து நிற்குமா என்று தீர்மானிக்க முடியுமா? பெரும்பாலும் முடியாது என்பதுதான் என் கருத்து. ஏன் முடியாது, எந்தப் படத்தால் கொஞ்சமாவது முடிகிறது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அடிப்படை, தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம். ஜக்கார்டு கோப்பு என்பது கட்டம் போட்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படம். நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு பாவு இழை, குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு ஊடை. கட்டம் கறுப்பாக இருந்தால் அந்த இடத்தில் பாவு மேலே, வெள்ளையாக இருந்தால் ஊடை மேலே. அவ்வளவுதான் தகவல். அந்தக் காலத்தில் இதை அட்டையில் ஓட்டையாகக் குத்தினார்கள், இப்போது கோப்பாக அனுப்புகிறோம். ஒரே இழை பல கட்டங்களுக்குக் கட்டுப்படாமல் மேலேயே ஓடினால் அதை மிதவை என்று எழுதுகிறேன். தறிப்பக்கம் போனால் ஃப்ளோட் என்றுதான் சொல்வார்கள்.

ஜக்கார்டைப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் கும்பிட்டுவிட்டுத் தொடங்கும் ஒரு படம் உண்டு. ஜோசப் மரி ஜக்கார் 1834-ல் இறந்தார். 1839-ல் லியோன் நகரத்தில் மிஷேல்-மரி கார்க்கியா என்ற நெசவாளர், க்ளோத் பொன்ஃபோன் வரைந்த ஓவியத்தை வைத்து, ஜக்காரின் உருவத்தைப் பட்டில் நெய்தார். அதற்கு 24,000 அட்டைகள் ஆனதாகச் சொல்வார்கள். சார்ல்ஸ் பாபேஜிடம் அதன் பிரதி ஒன்று இருந்தது. அச்சுப் படம் என்றே பார்த்தவர்கள் ஏமாந்தார்களாம். கணினி வரலாறு எழுதும் புத்தகங்களில் இந்த 24,000 தவறாமல் வந்துவிடும். அட்டை, ஓட்டை, தரவு, பாபேஜ், ஏடா லவ்லேஸ், கணினி என்று கதை ஒரே மூச்சில் ஓடும்.

எனக்கு இந்தக் கதையில் ஒரு நெடுநாள் எரிச்சல். 24,000 என்பது கோப்பின் அளவு. ஒரு புகைப்படம் எத்தனை மெகாபைட் என்று சொல்வதுபோலத்தான். ஜக்காரின் கன்னத்தில் விழும் நிழலை எது உண்டாக்கியது என்று அது சொல்லவில்லை. பட்டில் சாம்பல் நிறத்தை யாரும் ஊற்றுவதில்லை. கறுப்பு இழையும் வெள்ளை இழையும் எவ்வளவு நேரம் மேலே தெரிகின்றன என்பதுதான் நிழல். உதாரணத்துக்கு 8 இழை சாட்டின் நெசவை எடுத்தால், 8 கட்டத்துக்கு 1 கறுப்பு, 2 கறுப்பு என்று 7 வரை போய் 7 படி நிழல் கிடைக்கும். ஆக, நிழல் என்று நாம் பார்ப்பது ஒவ்வொன்றும் ஒரு நெசவு. ஒவ்வொரு நெசவுக்கும் தனி இறுக்கம், தனி தளர்வு, தனி மிதவை. இவ்வளவையும் ஒரே பாவில் சமாளித்ததுதான் கார்க்கியாவின் சாமர்த்தியம். நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அட்டையை எண்ணின, இதைப் பார்க்கவில்லை. இன்றைய வரைபடங்களும் அதே வழியில்தான் போகின்றன என்பது என் முதல் புகார். துணியைப் படமாக மட்டும் பார்க்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு டிஜிட்டல் ஜக்கார்டு கோப்பில் ஆயிரக்கணக்கான பாவு இழைகள் இருக்கும். அதைத் திரையில் காட்டச் சுருக்குகிறோம். இங்கதான் முதல் வில்லங்கம். 5 இழை சாட்டினை எடுத்துக்கொள்ளுங்கள்; அடுத்தடுத்த வரியில் கறுப்புப் புள்ளி 2 கட்டம் தள்ளித் தள்ளி விழும். 5,000 இழையை 1,000 புள்ளியாகச் சுருக்குகிறோம், ஐந்தில் ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று வையுங்கள். நெடுக்கிலும் குறுக்கிலும் 5 கட்டம் தள்ளிப் போனால் எப்போதும் அதே கட்டத்தில்தான் வந்து நிற்போம். முதல் கட்டம் கறுப்பாக இருந்தால் திரை முழுக்கக் கறுப்பு. வெள்ளையாக இருந்தால் முழுக்க வெள்ளை. உண்மைத் துணியில் ஐந்தில் ஒரு பங்குதான் கறுப்பு. இரண்டு படமும் பொய். கொஞ்சம் வேறு அளவில் சுருக்கினால் பட்டை பட்டையாகக் கோடுகள் வரும். அந்தக் கோடுகளைக் காட்டி, நெசவின் மறைந்திருக்கும் தாளம் என்று விளக்கம் எழுதியதையும் படித்திருக்கிறேன். அது நெசவின் தாளம் இல்லை, திரையின் தாளம். சராசரி எடுத்துச் சுருக்கினால் இந்தக் கோளாறு போய்விடும். ஆனால் சராசரி எடுத்த உடனே கட்டமைப்பும் போய்விடும், நிழல் மட்டும்தான் மிஞ்சும். ஆகவே கோப்பு முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் படம் எதையும் கட்டமைப்பைக் காட்டும் படம் என்று நான் ஒத்துக்கொள்வதில்லை.

இன்னொன்று, கட்டத்தின் வடிவம். பைத்தானில் வெப்ப வரைபடம் போட்டால் ஒவ்வொரு கட்டமும் சதுரமாக வரும். துணியில் அப்படி இருக்காது. சென்டிமீட்டருக்கு 40 பாவும் 30 ஊடையும் என்றால், படத்தில் வட்டமாகத் தெரியும் பூ துணியில் நெட்டுவாக்கில் நீண்ட முட்டையாக வரும். இது புதிய கண்டுபிடிப்பே இல்லை. டிசைன் வரையப் பயன்படுத்திய பழைய கிராஃப் தாளில் 8-க்கு 8, 8-க்கு 10, 8-க்கு 12 என்று பாவு, ஊடை அடர்த்திக்கு ஏற்றபடி கோடு போட்ட தாள்கள் தனித்தனியாக விற்றார்கள். கையால் வரைந்தவர் தாளைத் தேர்ந்தெடுக்கும்போதே இந்தக் கணக்கை முடித்துவிட்டார். நூறு வருடத்துக்கு முந்தைய தாள் செய்த வேலையை இன்றைக்குப் பகிரப்படும் பெரும்பாலான வரைபடங்கள் செய்யவில்லை என்பது கொஞ்சம் வெட்கக்கேடுதான். ஒரு வரி நிரலில் சரியாகிவிடும் விஷயம் இது.

டிசைன் மென்பொருள்கள் தரும் பாவனைத் துணிப் படத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நூலை வழவழப்பான குழாயாக வரைந்து, நிழல் கொடுத்து, துணி மாதிரியே காட்டும். வாடிக்கையாளரிடம் காட்டுவதற்கு நல்லது. அதில் மிதவை இழைகள் ஒழுங்காக, வரிசையாக, அசையாமல் கிடக்கும். உண்மையில் நீண்ட மிதவை பக்கத்து இழையோடு நெருங்கி ஒட்டிக்கொள்ளும், சரியும், சிலசமயம் அடியில் இருப்பதை மூடிவிடும். சாதா நெசவு அப்படி நகராது, இறுக்கிப் பிடித்து நிற்கும். இந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எது எதை இழுக்கும் என்பதுதான் நெசவாளியின் கேள்வி. குழாய்ப் படத்தில் அதற்கு விடை கிடையாது.

இப்போது எல்லோரும் போடும் மிதவை வெப்ப வரைபடத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் சண்டை போட ஆசை. செய்முறை எளிது: ஒவ்வொரு கட்டத்துக்கும், அது எவ்வளவு நீளமான மிதவையில் இருக்கிறது என்று எண்ணி, நீளத்துக்கு ஏற்றபடி நிறம் கொடுப்பது. யோசனை நல்ல யோசனை. செய்கிற விதத்தில்தான் ஓட்டைகள்.

டிசைன் திரும்பத் திரும்ப வரும் ஒன்று. வலது ஓரம் முடிந்ததும் இடது ஓரம் தொடர்கிறது. எண்ணும்போது ஓரத்தைச் சுற்றி எண்ண வேண்டும். பகிரப்படும் நிரல்களில் பல, ஓரத்தோடு எண்ணிக்கையை வெட்டிவிடுகின்றன. இதனால் என்ன ஆகும்? 8-க்கு 8 அளவுள்ள ஒரு சாட்டினை எடுங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு கறுப்பு, மீதி 7 வெள்ளை. சுற்றி எண்ணினால் வெள்ளை மிதவை எட்டும் 7 நீளம். ஒரே நீளம்தான். ஓரத்தோடு வெட்டி எண்ணினால் 1, 2, 3, 4, 5, 6, 7 என்று எல்லா நீளமும் தலா இரண்டு முறை வரும். உலகத்திலேயே ஒரே சீரான நெசவுகளில் ஒன்று, பலவகை மிதவைகள் கலந்த நெசவாக வரைபடத்தில் காட்சி தரும். பெரிய கோப்பில் ஓரம் மட்டும் கெடும், நடுப்பகுதி சரியாக இருக்கும். அதனால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் இரண்டு பிரதி சேரும் ஓரத்தில்தான் தப்பு நடக்கவும் வாய்ப்பு அதிகம்.

மிதவையின் சராசரி நீளத்தை ஒரு எண்ணாகச் சொல்பவர்களும் உண்டு. இந்த எண்ணை வைத்து நான் ஒரு காரியமும் செய்ததில்லை. 8 இழை சாட்டினில் ஒரு பாவு இழை 7 கட்டம் ஒரு பக்கம், 1 கட்டம் மறுபக்கம், சராசரி 4. நாலு மேலே, நாலு கீழே போகும் ட்வில்லில் 4, 4; சராசரி அதே 4. ஒன்று பளபளப்பான, வழுக்கும் துணி. இன்னொன்று சாய்வுக் கோடு தெரியும், இருபுறமும் ஒரே மாதிரியான துணி. கையில் எடுத்தால் சின்னப் பிள்ளைகூட வேறுபாடு சொல்லும். சராசரிக்கு இரண்டும் ஒன்று.

அடுத்து நீளத்தின் அலகு. 14 கட்ட மிதவை என்றால் அது நீளமா, குட்டையா? சென்டிமீட்டருக்கு 40 இழை அடர்த்தியில் அது 3.5 மில்லிமீட்டர். சென்டிமீட்டருக்கு 12 இழை அடர்த்தியில் கிட்டத்தட்ட 12 மில்லிமீட்டர். முதலாவதைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதில் விரல் நகம் மாட்டும். நார்வேயில் செய்யப்படும் டி.சி.2 போன்ற கையால் இயக்கும் டிஜிட்டல் தறிகளில் கொஞ்சம் தடித்த நூலில் வேலை செய்யும் கலைஞர்களும், ஆலையில் மெல்லிய நூலில் நெய்பவர்களும் ஒரே நிற அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். கட்டத்தில் எண்ணி, அப்படியே சிவப்படிக்கிறார்கள். அடர்த்தியால் வகுத்து மில்லிமீட்டரில் போட்டால் என்ன?

நிறத்தைப் பற்றிய விஷயம் காஞ்சிபுரத்தில்தான் எனக்குத் தெளிவானது. அங்கே இப்போது அட்டைக் கட்டுக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு பெட்டி மாட்டிய கைத்தறிகள் இருக்கின்றன. எனக்குப் பழக்கமான ஒரு நெசவாளர் வீட்டில் அவருடைய டிசைன் கோப்பு ஒன்றை வாங்கி, வழக்கமான பாணியில் மிதவை வரைபடம் போட்டு மடிக்கணினியில் காட்டினேன். என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும்.

“என்னா தம்பி இது, ஜுரம் வந்தாப்ல இருக்கு? செவப்பா இருக்கிறதெல்லாம் தப்புங்களா?”

“தப்புன்னு இல்லண்ணே. அங்கெல்லாம் மிதவை நீளம்.”

“அது ஜரிகை எடுப்பா தெரியணும்னு நாம விட்டதுதானே? அத ஏன் செவப்புல போட்டிருக்கு?”

அதற்கு மேல் என்ன சொல்ல? நீண்ட மிதவைதான் பட்டின் பளபளப்பு. சாட்டின் என்ற நெசவே அதற்காகத்தான் இருக்கிறது. சிவப்பு என்றால் ஆபத்து என்று நாம் பழகிவிட்டோம். வரைபடம் அளப்பதாகச் சொல்லிக்கொண்டே தீர்ப்பும் எழுதிவிடுகிறது. எந்த நீளம் அதிகம் என்பது கோப்பில் இல்லை. சுவரில் மாட்டும் துணிக்கு ஒரு கணக்கு, சோபா உறைக்கு வேறு கணக்கு, சேலைக்கு இன்னொரு கணக்கு. இதற்குப் பிறகு நான் ஒரே நிறத்தின் வெளிர் முதல் அடர் வரை மட்டும் பயன்படுத்துகிறேன்.

அன்றைக்கு அவர் இன்னொன்றும் செய்தார். பேசிக்கொண்டே தறியில் இருந்த சேலையின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். வாங்க வருகிற பெண்கள் முதலில் புரட்டிப் பின்பக்கத்தைத்தான் பார்ப்பார்களாம். அங்கேதான் மெட்டியும் கொலுசும் மாட்டும். நான் பார்த்த வரைபடங்களில் பெரும்பாலானவை முன்பக்கத்தை மட்டும் எண்ணுகின்றன. ஒரு வரியில் தொடர்ந்து வரும் வெள்ளை, முன்பக்கத்து ஊடை மிதவை. அதே வரியில் தொடர்ந்து வரும் கறுப்பு, பின்பக்கத்து ஊடை மிதவை. பாவுக்கும் இதே மாதிரி இரண்டு. ஆக ஒரு கோப்புக்கு நான்கு வரைபடம் தேவை. தகவல் எல்லாம் அதே கோப்பிலேயே இருக்கிறது, கூடுதலாக எதுவும் வேண்டாம். இருந்தும் செய்வதில்லை, ஏனென்றால் கோப்பு படமாகத் தெரிகிறது, படத்துக்குப் பின்பக்கம் கிடையாது!

இவ்வளவு குறை சொன்னாலும் மிதவை வரைபடம் ஒரு இடத்தில் நிஜமாகவே கை கொடுக்கிறது. அதைச் சொல்லாவிட்டால் அநியாயம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பகுதிகள். இரண்டும் ஊடை மேலே தெரியும் 8 இழை சாட்டின். ஒன்றில் புள்ளி 3 கட்டம் தள்ளி விழுகிறது, இன்னொன்றில் 5 கட்டம் தள்ளி. (8 இழையில் சீரான சாட்டினுக்கு இந்த இரண்டு தள்ளல்தான் உண்டு. 6 இழையில் ஒன்றுகூடக் கிடையாது. தள்ளும் எண்ணுக்கும் மொத்த எண்ணுக்கும் பொது வகுஎண் இருக்கக் கூடாது என்பது விதி. குரூன்பாமும் ஷெப்பர்டும் 1980-ல் சாட்டின், ட்வில் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த வடிவியலை அழகாக விரிக்கிறார்கள்.) இரண்டு பகுதிக்கும் ஒரே நிழல். பாவனைத் துணிப் படத்தில் எல்லையே தெரியாது. ஆனால் எல்லையில் ஒரு பக்கத்து 7 கட்ட மிதவையும் மறுபக்கத்து 7 கட்ட மிதவையும் சேர்ந்து 14 கட்ட மிதவையாக வாய்ப்பு உண்டு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் இடத்தில் தனியாக ஒரு நூல் தொங்கும். ஓரத்தைச் சுற்றி எண்ணிய மிதவை வரைபடத்தில் இது பளிச்சென்று அடர்ந்த கோடாகத் தெரிந்துவிடும். பூவின் விளிம்பு, இலையின் நடு நரம்பு மாதிரி இடங்களில்தான் இது வரும். வேறு எந்தப் படமும் இதை இவ்வளவு விரைவாகக் காட்டாது.

இழுவை விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு யாரும் படம் போடுவதில்லை, போட்டால் அழகாக இருக்காது என்பதாலோ என்னவோ. ஒரு பாவு இழை மேலும் கீழும் எத்தனை முறை மாறுகிறதோ அவ்வளவு முறை வளைகிறது. வளைய வளைய நூல் அதிகம் செலவாகிறது. சாதா நெசவில் 8 ஊடைக்கு 8 முறை மாறும். 8 இழை சாட்டினில் 2 முறைதான். எல்லா இழையும் ஒரே பாவு உருளையில் இருந்து ஒரே வேகத்தில் வருகிறது. டிசைனில் ஒரு பட்டை நெடுக சாதா நெசவும், பக்கத்தில் நெடுக சாட்டினும் இருந்தால், சாதா நெசவுப் பாவு முறுக்கேறி விறைக்கும், சாட்டின் பாவு தொய்யும். ஐந்து அங்குலம் நெய்யும்வரை ஒன்றும் தெரியாது. ஒரு முழம் தாண்டினால் தறி பேச ஆரம்பிக்கும். தொய்ந்த இழை சரியாகத் தூக்கப்படாது, நாடா அதற்கு மேலே போய்விடும், விறைத்த இழை அறுந்துபோகும்.

இதற்கு வெப்ப வரைபடம் எல்லாம் வேண்டாம். கிடைமட்டத்தில் பாவு இழையின் எண், செங்குத்தில் அந்த இழை எத்தனை முறை மாறுகிறது என்பது. ஒரே ஒரு கோடு. கோடு ஏறக்குறைய சமமாகப் போனால் ஒரே உருளை போதும். எங்காவது மலை மாதிரி எழும்பினால் அந்தப் பகுதிக்குத் தனி உருளை போட வேண்டும், அல்லது டிசைனில் நெசவை மாற்ற வேண்டும். பூ வடிவங்கள் துணி முழுக்கச் சிதறி வந்தால் கோடு தானாகவே சமமாகிவிடும், நெடுக்குப் பட்டைகளில்தான் ஆபத்து. நான் பார்த்ததில் எல்லாவற்றையும் விடப் பயனுள்ள படம் இதுதான். பத்து வரி நிரல்.

கடைசியாக, எந்தப் படமும் காட்டாத ஒன்று. 4-க்கு 4 கட்டம் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வரி: கறுப்பு, வெள்ளை, வெள்ளை, வெள்ளை. இரண்டாவது: கறுப்பு, கறுப்பு, கறுப்பு, வெள்ளை. மூன்றாவது: வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. நான்காவது: கறுப்பு, வெள்ளை, கறுப்பு, கறுப்பு. மொத்தம் 8 கறுப்பு, 8 வெள்ளை; சாதா நெசவின் அதே நிழல். எங்கேயும் 3 கட்டத்துக்கு மேல் மிதவை கிடையாது. ஒவ்வொரு பாவும் சம அளவில்தான் மாறுகிறது, ஆக இழுவைக் கோடும் நேர்கோடு. எல்லாச் சோதனையிலும் பாஸ். ஆனால் இது ஒரு துணியே இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு துணிகள். 1, 3-ஆம் பாவும் 1, 3-ஆம் ஊடையும் மேலே ஒரு சாதா நெசவு. 2, 4-ஆம் இழைகள் அடியில் இன்னொரு சாதா நெசவு. நடுவில் ஒரு முடிச்சுகூட இல்லை.

இரட்டைத் துணி என்பது வேண்டுமென்றே செய்யும் நல்ல உத்திதான். வேண்டாத இடத்தில் வந்தால்தான் தொல்லை. இதைக் கண்டுபிடிக்க கிளாபம் என்ற கணிதக்காரர் 1980-ல் ஒரு வழி எழுதினார். படித்தபோது இவ்வளவுதானா என்று இருந்தது. எந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்கவே வேண்டாம், கூட்டல் மட்டும் போதும். ஒவ்வொரு பாவும் எத்தனை இடத்தில் மேலே இருக்கிறது என்று எண்ணுங்கள். மேலே சொன்ன கட்டத்தில் 3, 1, 3, 1. ஒவ்வொரு ஊடை வரியிலும் எத்தனை கறுப்பு என்று எண்ணுங்கள். 1, 3, 1, 3. அதிகம் உள்ள பாவுகளில் சிலவற்றையும் குறைவாக உள்ள ஊடைகளில் சிலவற்றையும் எடுங்கள். இங்கே இரண்டிரண்டு எடுத்தால், பாவின் கூட்டல் 6, ஊடையின் கூட்டல் 2, வித்தியாசம் 4. இப்போது, எடுத்த பாவு 2-ஐ, எடுக்காத ஊடை 2-ஆல் பெருக்கினால் 4. இரண்டும் சமமாகிவிட்டால், எடுத்த இழைகள் தனித் துணியாகக் கழன்றுவரும். எந்த எண்ணிக்கையில் எடுத்தாலும் சமமாகவில்லை என்றால் துணி ஒன்றாகப் பிடித்து நிற்கும். (ஒன்றும் எடுக்காமலோ எல்லாவற்றையும் எடுத்தோ பார்ப்பது கணக்கில் சேராது.) காரணமும் எளிது: மேல் அடுக்குப் பாவு, அடி அடுக்கு ஊடை அத்தனைக்கும் மேலே இருந்தாக வேண்டும், அப்படி இருந்தால் மட்டுமே வித்தியாசம் அந்தப் பெருக்கல் அளவுக்கு வளரும்.

கணிதமாக இது முழுமையான விடை. தறிக்கு முழுமையான விடை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோப்பு முழுவதையும் ஒரே கட்டமாகச் சோதித்தால், எங்கேயோ ஒரு மூலையில் இரண்டு அடுக்கும் பிணைந்திருந்தால் போதும், பிடித்து நிற்கும் என்று பதில் வந்துவிடும். நடுவில் மயிலின் தோகை முழுக்கப் பை மாதிரி உப்பிக் கிடந்தாலும் சோதனைக்குத் தெரியாது. அதனால் கோப்பைச் சின்னச் சின்ன சன்னலாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோதனை செய்து, பிரியும் சன்னல்களை மட்டும் கோப்பின் மேல் குறிக்க வேண்டும். சன்னல் ரொம்பச் சின்னதாக இருந்தால் நல்ல நெசவும் பிரிவதாகக் காட்டும், நாலு கட்டத்துக்குள் வெறும் மிதவை மட்டுமே இருக்கலாம் அல்லவா? நெசவின் ஒரு சுற்றைப் போல் மூன்று நான்கு மடங்கு அகலம் வைத்தால் எனக்குச் சரியாக வருகிறது. சேலை கோப்பு ஒன்றுக்கு என் பழைய மடிக்கணினியில் ஒரு டீ குடிக்கும் நேரம்.

இதெல்லாம் இவ்வளவு முக்கியமா என்று கேட்கலாம். அட்டை குத்திய காலத்தில் ஒவ்வொரு வரியையும் ஒரு மனிதர் பார்த்தார். கிராஃப் தாளில் விரலை வைத்து, வரி வரியாகப் படித்து, ஓட்டை போட்டார். ஆயிரம் அட்டை என்றால் ஆயிரம் முறை பார்த்தார். தப்பான மிதவை அங்கேயே கண்ணில் படும், ஏனென்றால் குத்தாமல் விட்ட இடம் கைக்கே தெரியும். 1983-ல் மிலான் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் கொண்டுவந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆள் வேலையில் இருந்து போய்விட்டார். அட்டைச் செலவு போனது, மாதக் கணக்கான தாமதம் போனது, அதெல்லாம் நல்லதுதான். ஆனால் வரைபவரிடம் இருந்து கோப்பு நேராகத் தறிக்குப் போகிறது. நடுவில் வரி வரியாகப் படித்த கண் இல்லை. தப்பு தறியில்தான் தெரியவருகிறது. கைத்தறியில் ஒரு சேலைக்குக் கூலி என்ற கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு, பாவு தொய்ந்து நாலு நாள் வேலை நின்றால் அந்த நாலு நாளுக்குக் கூலி இல்லை. டிசைன் வரைந்தவருக்கு அதில் நஷ்டம் கிடையாது.

அந்தக் கண்ணின் இடத்தில்தான் இந்த வரைபடங்கள் உட்கார வருகின்றன. அதனால்தான் அழகாக இருக்கிறது என்று விட்டுவிட மனம் வரவில்லை. இழுவைக் கோடு, நான்கு மிதவைப் படம் மில்லிமீட்டரில், பிரியும் சன்னல்களின் குறி ஆகிய மூன்றையும் நான் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்துக் கொடுக்கிறேன். மடிக்கணினியைத் தறிப் பள்ளத்துக்குப் பக்கத்தில் வைக்க இடம் இல்லை. கைபேசித் திரையில் சுருக்கினால் மேலே சொன்ன கோடு பிரச்சினை மறுபடி வந்துவிடும். தாள் என்றால் தறித்தூணில் செருகி வைக்கலாம். பாவு இழையின் எண்ணைக் கீழே நூறு நூறாகப் போட்டிருப்பதால், அச்சில் விரல் வைத்து எண்ணி, எந்த இழை என்று அவரே பார்த்துக்கொள்கிறார். போன முறை போனபோது இழுவைக் கோட்டில் ஒரு இடத்தைப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்தார். கோடு அங்கே அவ்வளவு உயரமாகக்கூட இல்லை. கேட்டால், அந்தப் பட்டைக்கு வேறு நூல் போட்டிருப்பதாகவும், அது மற்றதைவிட அதிகம் இழுபடும் என்றும் சொன்னார். நூலின் வகை கோப்பில் இல்லை. அடுத்த முறை தாளில் அதற்கென்று ஒரு காலி வரிசை விட்டு அச்சடிக்க வேண்டும், அவர் நிரப்பட்டும்.